மெடிக்கல் முடியும்வரை

எண்பத்தேழாம் வருஷக் கடைசி. ஃபிஜித் தீவின் சுவா துறைமுகத்துக்கு எதிரே, ஒரு சரக்கு ஏஜென்ட் ஆபீஸின் இரண்டாவது மாடியில் நடந்தது இது. இத்தனை வருஷம் கழித்தும் எழுத உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். ஆனாலும் எழுதிவிடுகிறேன். சொல்லாமல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று என்னை விட நன்றாகத் தெரிந்தவர்கள் ரொம்பப் பேர் இருக்க மாட்டார்கள்.

நான் கும்பகோணத்துப் பெண். என் கணவருக்கு சுவாவில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை கிடைத்து, அதே ஊரில் சமபுலா என்ற பகுதியில் குடித்தனம் போட்டோம். எனக்கு டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்த தைரியம். மூணே மாதத்தில் அந்த ஆபீஸில் ஒரு நாற்காலி பிடித்துவிட்டேன். கப்பலில் வந்த சரக்கை வெளியே எடுப்பதற்கான காகிதங்களை அடிப்பது, சரிபார்ப்பது, சுங்க கவுன்ட்டரில் கொண்டுபோய் முத்திரை வாங்குவது, இதுதான் வேலை. கேட்க சாதாரணமாக இருக்கும். ஒரு எண் தப்பாகிவிட்டால் ஒரு கன்டெய்னர் அரிசி வெயிலில் கிடக்கும், கடைக்காரர்கள் போனிலேயே நம்மை வறுத்து எடுத்துவிடுவார்கள்.

அந்த வருஷம் மே மாதம், இந்தியர்களுக்குச் செல்வாக்கு இருந்த அரசைக் கவிழ்த்து ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. செப்டம்பரில் மறுபடியும் ஒரு தடவை. அதற்கப்புறம் இந்திய வம்சாவளி ஜனங்கள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று கிளம்ப ஆரம்பித்தார்கள். யாரும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். வெள்ளிக்கிழமை "திங்கக்கிழமை பாக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே போன ஆள், திங்கட்கிழமை சிட்னியில் இருப்பார். நாற்காலியில் அவருடைய குடை மட்டும் தொங்கும்.

ஆனால் எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். எப்படி என்கிறீர்களா? பூண்டு! விசாவுக்கு மனு போட்டவர்கள் குடும்பத்தோடு டாக்டரிடம் மெடிக்கல் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதில் ரத்த அழுத்தம் கூடுதலாக வந்துவிட்டால் குடும்பமே காலி. அதனால் பத்து நாளைக்கு முன்னாலேயே ஊறுகாய் கட், டீ கட், காலையில் வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு. இந்த வைத்தியத்தை யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, சுவா முழுக்கப் பரவியிருந்தது. ஆபீஸில் ஒருத்தர் வாயைத் திறந்ததும் பூண்டு நாறினால், 'சரி, இவரும் கிளம்பியாச்சு' என்று நாங்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வோம்.

பதினோரு பேர் இருந்த இடத்தில் நவம்பரில் ஐந்து பேர் ஆனோம். கப்பல்கள் மட்டும் குறையவில்லை. மேனேஜரிடம் ஆள் கேட்டால், "எங்கேம்மா இருக்காங்க ஆளு? எல்லாரும்தான் ஓடறாங்களே" என்பார். போனவர்களின் வேலையை இருக்கிறவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு சீனியர் என்ற பெயரில் என் தலையில் விழுந்தது. நான் எப்படிப் பிரித்தேன் தெரியுமா? யார் கத்தவில்லையோ அவர் டேபிளில் வைத்தேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கத்துகிறவர்களிடம் எனக்கு பயம். கத்தாதவர் ஒரே ஒருத்தர்தான்.

அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். நாற்பத்தேழு வயது. நவுசோரிக்குப் பக்கத்தில் வுனிமோனோவில் வீடு. அவருடைய தாத்தா மதராஸ் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். வீட்டில் பேசுவது ஃபிஜி இந்தி. ஆனால் என்னைப் பார்த்ததும் எங்கேயோ மூலையில் கிடந்த தமிழைத் தூசி தட்டி எடுத்துவிடுவார். "இன்னா தங்கச்சி, சாப்ட்டியா?" என்று அவர் கேட்கும்போது எனக்குப் பிறந்த வீட்டிலிருந்து யாரோ வந்த மாதிரி இருக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷர் தலையில்தான் மூன்று பேர் வேலையைக் கட்டினேன். காலையில் டைப் அடிப்பார், பதினோரு மணிக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு சுங்க கவுன்ட்டருக்கு ஓடுவார், திரும்பி வந்து போனில் திட்டு வாங்குவார், மறுபடி ஓடுவார். லிஃப்ட் கிடையாது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அந்தப் படிகள்.

டிசம்பரில் அவரிடமும் பூண்டு வாசனை வந்தது.

எனக்கு வந்த கோபத்தைக் கேளுங்கள். இவரும் போய்விட்டால் என் கதி என்ன? அதோடு, மதியம் இரண்டு மணி வாக்கில் அரை மணி நேரம் அவரைக் காணவே காணோம். விசா வேலையாகத்தான் எங்கேயோ ஓடுகிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எனக்குள் ஒரு அற்பத்தனம் புகுந்தது. 'போறதுதான் போறார், போறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துட்டுப் போகட்டும்' என்று, முந்தின வாரம் கிளம்பிப்போன இன்னொருத்தருடைய ஃபைல்களையும் திங்கட்கிழமை காலையில் அவர் டேபிளில்தான் கொண்டுபோய் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வை தங்கச்சி, பாத்துக்கலாம்" என்றார்.

அன்றைக்கு மதியம் இரண்டே கால் மணி. ஒரு பழைய ரசீது தேவைப்பட்டு ரெக்கார்ட் ரூம் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. உள்ளே ஏதோ முட்டுக் கொடுத்திருந்தது. தோளால் இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனால், ஐயோ, அண்ணா தரையில் ஃபைல் கட்டுகளின் மேல் சாய்ந்து கிடக்கிறார். சட்டையை முறுக்கிப் பிழிந்துவிடலாம், அவ்வளவு வேர்வை. முகம் சாம்பல் நிறம். இடது கையை மடியில் வைத்து வலது கையால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"கேஸ் டிரபிள்தான் தங்கச்சி. தோரா... கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும். தினமும் வர்றதுதான்."

தினமுமா! இரண்டு மணிக்குக் காணாமல் போனது எந்த அலுவலகத்துக்கும் இல்லை, இந்த இருட்டு அறைக்கு. புழுக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பதற்கு. நான் ஓடிப்போய் மேனேஜரைக் கூப்பிடத் திரும்பினேன். என் சேலை முந்தானையைப் பிடித்துவிட்டார். ஒரு அண்ணன் ஸ்தானத்தில் இருக்கிறவர், என்னிடம் அதுவரை ஒரு அடி தள்ளியே நின்று பேசியவர், முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"யார்கிட்டயும் சொல்லாதே. வியாழக்கிழமை மெடிக்கல். ஆஸ்பத்திரியில எழுதிட்டாங்கன்னா முடிஞ்சுது, ரெண்டு பொண்ணுங்களும் இங்கேயே கிடக்கணும். வியாழக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே. அப்புறம் நானே டாக்டர்கிட்ட போறேன். சத்தியமா."

"அண்ணிக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அவகிட்ட சொன்னா நாளைக்கே நிப்பாட்டிடுவா."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும். ஆனால் நான் செய்தது வேறு. எங்கள் வீட்டிலும் நியூசிலாந்துக்கு மனு போட்டிருந்தோம். அந்த நிலைமையில் நானாக இருந்தாலும் இதையேதான் கெஞ்சியிருப்பேன் என்று தோன்றியது. ஒரு டம்ளர் சோடா கொண்டுவந்து கொடுத்தேன். விசிறிவிட்டேன். இருபது நிமிஷத்தில் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நான் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போகவிட்டேன்.

அதோடு நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை மெடிக்கல் ஃபாரத்தை நீட்டினார். "உன் டைப்பிங் சுத்தமா இருக்கும், அடிச்சுக் குடு." பெயர், வயது, உயரம் எல்லாம் அடித்துக்கொண்டே வந்தேன். நெஞ்சு வலி, இதய நோய் எப்போதாவது வந்ததுண்டா என்று ஒரு கேள்வி. என் விரல் நின்றுவிட்டது. நிமிர்ந்தேன். அவர் ஜன்னல் வழியாக வேண்டுமென்றே கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் 'இல்லை' என்று அடித்தேன். நான்தான் அடித்தேன், இந்தக் கையால்.

பரிகாரம் செய்கிற மாதிரி அந்த இரண்டு நாளும் அவருடைய ஃபைல்களை நானே பார்த்தேன். கவுன்ட்டருக்கு நானே ஓடினேன். புதன்கிழமை நாலாவது தடவை படியேறும்போது என் நெஞ்சே அடித்துக்கொண்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் இந்த மனுஷர் மாதக் கணக்கில் என்ன பாடு பட்டிருக்கிறார் என்று உறைத்தது. பிரித்துக் கொடுத்தவள் நானில்லையா? அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் ஒரே நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மெடிக்கல் பத்து மணிக்கு. அதற்கு முன்னால் ஒரு கப்பல் காகிதத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டதால் அண்ணா ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். ஒன்பதரைக்குக் கிளம்பினார். எனக்கு மனசு கேட்கவில்லை. கவுன்ட்டருக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு நானும் கூடவே நடந்தேன். டாக்டருடைய கிளினிக் ஒரே தெரு தள்ளி. அந்த ஒரு தெருவுக்குள் அவர் இரண்டு தடவை நின்றார். கடைக் கண்ணாடியில் சாமான் பார்க்கிற மாதிரி நின்றார்.

கிளினிக்கில் அவர் மனைவி இரண்டு பெண்களோடு பஸ்ஸில் வந்து காத்திருந்தார்கள். அந்த அம்மாவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். தழையத் தழையப் பட்டுப்புடவை. பெண்கள் இரண்டு பேருக்கும் புதுக் கவுன், புது ஷூ. கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா இந்தியில், "உங்களைப் பத்தி எப்பவும் சொல்லிக்கிட்டே இருப்பார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தக் கையை உதறிவிட்டு ஓடலாமா என்று இருந்தது.

முதலில் அண்ணாவைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிஷம் இருக்கும். உள்ளேயிருந்து டாக்டர் சத்தமாக நர்ஸைக் கூப்பிட்டார். ஏதோ உருட்டுகிற சத்தம். நர்ஸ் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினாள். திறந்த கதவு வழியாகப் பார்த்தோம். அண்ணா கட்டிலில் சட்டையில்லாமல் கிடந்தார். மார்பெல்லாம் ஒயர். மெஷின் காகிதத்தைத் துப்பிக்கொண்டிருந்தது. டாக்டர் அதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். அவரும் ஃபிஜி இந்தியர்தான், நல்ல வயது, எவ்வளவோ பேரைப் பார்த்திருப்பார். அவர் முகமே மாறிவிட்டது.

"இவருக்கு ஹார்ட் அட்டாக் வந்துக்கிட்டிருக்கு. இப்ப, இந்த நிமிஷம்" என்றார். அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவே இல்லை. "பிரஷர் ஜாஸ்தியா? காலையில பூண்டு குடுத்தேனே" என்றார்.

டாக்டர் அண்ணாவின் நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தார், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொன்னார். அப்புறம் மறுபடி அந்தக் காகிதத்தைப் பார்த்தார். "இது இன்னிக்குப் புதுசா ஆரம்பிச்ச மாதிரி தெரியல. மூணு நாலு நாள் முன்னாடியே ஒண்ணு வந்திருக்கணும். எப்ப வலி வந்தது? கரெக்டா சொன்னாத்தான் ஆஸ்பத்திரியில என்ன மருந்து போடறதுன்னு அவங்க முடிவு பண்ண முடியும்."

அந்த அம்மா, "வலியா? இவருக்கா? ஒரு தலைவலி கூட வந்ததில்லையே" என்றார். டாக்டர் மேஜையில் கிடந்த ஃபாரத்தை எடுத்தார். நான் அடித்த அந்த 'இல்லை'யின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இதுலயும் அப்படித்தான் இருக்கு" என்றார்.

கட்டிலிலிருந்து அண்ணா என்னைப் பார்த்தார். பேச முடியவில்லை. தலையை மட்டும் இப்படியும் அப்படியுமாக லேசாக அசைத்தார். சொல்லாதே என்று. நெஞ்சு வெடித்துக்கொண்டிருக்கிறது, அப்போதும் சொல்லாதே என்கிறார்! அவர் கண்ணைப் பார்த்தேன், அந்தப் புது ஷூக்களைப் பார்த்தேன். சொன்னால், பொய் ஃபாரம் கொடுத்ததாக நாலு பேருடைய விசாவும் இந்த அறையிலேயே முடிந்தது, மறுபடி மனுவே போட முடியாது. சொல்லாவிட்டால் ஆளே முடிந்துவிடலாம்.

"திங்கக்கிழமை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "திங்கக்கிழமை மத்தியானம் ரெண்டே கால் மணி. அதுக்கு முன்னாடியும் பல நாளா வலி இருந்திருக்கு. நான் பார்த்தேன். அந்த ஃபாரமும் நான் அடிச்சதுதான்."

அண்ணா கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. ஒரு சீட்டில் வேகமாக எழுதி ஆம்புலன்ஸ்காரரிடம் கொடுத்தார். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அம்மாவும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பெண்கள் எதிரே. பிழைத்துவிடுவார் என்று வந்து சொன்னார்கள். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, திங்கட்கிழமையே கொண்டுவந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்றும் சொன்னார்கள். நான் வாங்கப்போகும் வசவுக்குத் தயாராக இருந்தேன். 'உன்னால எங்க விசா போச்சு, என் பொண்ணுங்க வாழ்க்கை போச்சு' என்று கேட்பார்கள், கேட்கட்டும், காலில் விழுந்துவிடலாம் என்றிருந்தேன்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, சத்தமே போடாமல் இந்தியில் கேட்டார். அதை அப்படியே தமிழில் சொல்கிறேன்.

"மூணு நாள் உங்களுக்குத் தெரியும். நான் அவர் பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கேன், எனக்குத் தெரியாது. திங்கக்கிழமை சாயங்காலம் நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த ஃபாரத்தை நான் அடுப்புல போட்டிருப்பேன். விசாவா புருஷனான்னு என்னை யாருமே கேக்கலியே. நீங்க ரெண்டு பேருமே பேசி எனக்கும் சேர்த்து முடிவு பண்ணிட்டீங்களா?"

கன்னத்தில் அறைந்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். நான் எதற்குத் திட்டு வாங்கத் தயாராக இருந்தேனோ, அதை அவர் குற்றமாகவே நினைக்கவில்லை. உதவி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மூன்று நாளைத்தான் குற்றம் என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணா ஆஸ்பத்திரியில் இருந்த பத்தாவது நாள், எங்கள் ஆபீஸில் அவர் டேபிளுக்கு ஆள் போட்டார்கள். எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? மூன்று பேர். ஆளே இல்லை என்று கையை விரித்த அதே மேனேஜர் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவங்களுக்கு வேலையைக் கத்துக் குடும்மா" என்றார். நான் மேனேஜர் முன்னாலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டேன்.

விசா கிடைக்கவில்லை. அண்ணா வேலைக்கும் திரும்பவில்லை. வுனிமோனோ வீட்டில் முன் அறையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டு ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டு, பதினொரு வருஷம் இருந்தார். நாங்கள் நியூசிலாந்து கிளம்பும்வரை மாதம் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை, "இன்னா தங்கச்சி, சாப்ட்டியா?" என்றுதான் கேட்பார். அந்த அம்மாவும் டீ போட்டுக் கொடுப்பார்கள், நன்றாகத்தான் பேசுவார்கள். ஆனால் அண்ணாவால் குழாயடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் தூக்க முடியாது. அதைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மா என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம், அதில் மூன்று நாள் கனம் என்னுடையது என்று நினைத்துக்கொள்வேன், இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.